பார்மசி மாணவர்கள் ரெசிடென்சிக்குத் தயாராவது எப்படி? மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வி இது: "கோலாலம்பூரில் தனியார் பல்கலைக்கழகத்தில் பி.பார்ம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மருத்துவமனையில் கிளினிக்கல் பார்மசிஸ்டாக வேலை செய்ய ஆசை. பட்டம் வாங்கியபின் ரெசிடென்சி செய்யணும் என்கிறார்கள். இப்போதிருந்தே எப்படித் தயாராவது? என் சிஜிபிஏ 3.4. அது போதுமா?"

ரெசிடென்சி என்ற சொல்லை நம் ஊரில் மூன்று விஷயங்களுக்குச் சொல்கிறார்கள். அதைப் பிரித்துக்கொள்ளாமல் தயாரிப்பைத் தொடங்கினால் ஒன்றிரண்டு ஆண்டு வீணாகிவிடும்.

முதலாவது, எல்லோரும் செய்தாக வேண்டிய ஓராண்டுப் பயிற்சி. 1951-ஆம் ஆண்டின் மருந்தாளர் பதிவுச் சட்டப்படி, பட்டம் பெற்றவர் முதலில் தற்காலிகப் பதிவு பெற்று, அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் ஓராண்டு பயிற்சி மருந்தாளராக வேலை செய்து, சட்டத் தேர்விலும் தேறினால்தான் முழுப் பதிவு கிடைக்கும். வார்டில் எல்லோரும் பி.ஆர்.பி. என்பது இதைத்தான். இரண்டாவது, கிளினிக்கல் பார்மசியில் முதுகலை. பினாங்கில் யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), கோலாலம்பூரில் யு.கே.எம். (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) இரண்டும் இதை நடத்துகின்றன. யு.எஸ்.எம். பார்மசிப் பள்ளி 1972-இல் தொடங்கியது. நாட்டிலேயே முதல் பார்மசிப் படிப்பு அதுதான். மூன்றாவது, அமெரிக்க பாணி ரெசிடென்சி. முதலாண்டு பொதுப் பயிற்சியை பி.ஜி.ஒய்.1 என்றும், அதன்பின் புற்றுநோய், தீவிர சிகிச்சை, தொற்றுநோய் என்று ஒரே துறையில் செய்யும் இரண்டாம் ஆண்டை பி.ஜி.ஒய்.2 என்றும் சொல்வார்கள்.

அமெரிக்க வழியைப் பற்றி இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல குடும்பங்கள் இதில் பணத்தை இழக்கின்றன. அங்கே அங்கீகாரம் பெற்ற பி.ஜி.ஒய்.1-இல் சேர, அந்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட பார்ம்.டி. (டாக்டர் ஆஃப் பார்மசி) பட்டம் வேண்டும், அல்லது வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு ஒரு விதி உண்டு: 2003 ஜனவரி 1-க்குப் பிறகு பட்டம் பெற்றவர் குறைந்தது ஐந்தாண்டுப் பார்மசிப் பாடத்திட்டத்தை முடித்திருக்க வேண்டும். நம் பி.பார்ம் நான்காண்டு. "இங்கே முடித்துவிட்டு அங்கே தேர்வு எழுதிக்கொள்ளலாம்" என்று யாராவது வழி சொன்னால் இந்த ஒரு வரியைத்தான் முதலில் கேட்க வேண்டும். அமெரிக்காதான் இலக்கு என்றால் அங்கேயே பார்ம்.டி. சேர்வது நேர்வழி. விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் முடியும். நேர்காணல் அதைத் தொடர்ந்து நடக்கும். யாருக்கு எந்த மருத்துவமனை என்ற முடிவு மார்ச்சில் வரும். விசாவுக்குப் பொறுப்பேற்காத மருத்துவமனைகளும் பல உண்டு, ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்றில் எந்த வழியில் போனாலும் தயாரிப்பு ஒன்றேதான். பெரும்பாலான மாணவர்கள் அதைத் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள்: இன்னும் ஒரு வெபினார், இன்னும் ஒரு சான்றிதழ் என்று சேர்க்கிறார்கள். பயிற்சியில் திணறுகிறவர்களுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. பாடம் தெரிந்தும், ஒரு நோயாளிக்கு முன்னால் "இந்த மருந்து, இந்த அளவு, இந்தக் காரணம்" என்று சொல்ல வாய் வருவதில்லை. நான்கு ஆண்டும் கேள்விக்குக் கீழே விடை நான்கு இருந்தது. வார்டில் அப்படி இல்லை. உங்களுக்குப் பயிற்சி தரும் மூத்த பார்மசிஸ்டான ப்ரீசெப்டர் வாய் திறக்கும் முன் உங்கள் முடிவை எண்ணோடு எழுதி வைக்கும் பழக்கம் மூன்றாம் ஆண்டிலேயே வரவேண்டும். முடிவு தப்பாகப் போகலாம், பரவாயில்லை. எங்கே தப்பியது என்று தெரிந்துகொள்ள, முதலில் ஒரு முடிவு தாளில் இருக்க வேண்டும்.

ஒரு நோயாளியை வைத்தே காட்டுகிறேன். வயது 70, பெண், எடை 52 கிலோ. காலில் ரத்த உறைவு என்று வார்டில் சேர்த்திருக்கிறார்கள். இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு, இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார். சீரம் கிரியேட்டினின் லிட்டருக்கு 140 மைக்ரோமோல். ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸபாரினை டாக்டர் எழுதப்போகிறார். அளவு என்ன?

கிரியேட்டினின் கிளியரன்ஸ், அதாவது சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம், போட வேண்டும். சூத்திரத்தில் உள்ள 140-இலிருந்து வயதைக் கழித்தால் 70. எடை 52-ஆல் பெருக்கினால் 3640. கிரியேட்டினின் 140-ஆல் வகுத்தால் 26. பெண்ணுக்கான குணகம் 1.04, ஆகவே நிமிடத்துக்கு சுமார் 27 மில்லிலிட்டர். 30-க்குக் கீழே வந்துவிட்டதால் எனாக்ஸபாரின் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் நாளுக்கு ஒரே முறை. இப்போது ஆணுக்கான 1.23-ஐ மறதியாகப் போட்டுப் பாருங்கள்: 32 வரும். 30-ஐத் தாண்டிவிட்டது, அதே அளவு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதிவிடுவீர்கள். ஒரு குணகம் மாறியதில் அந்தப் பாட்டிக்கு ஒரு நாள் மருந்து இரட்டிப்பாகிறது. சிறுநீரகம் தளர்ந்த 70 வயது உடம்பில் அது ரத்தக்கசிவில் போய் முடியலாம்.

இதே இடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அமெரிக்கப் பாடநூலில் சூத்திரத்தின் கீழே 72 வரும், பெண்ணுக்கு 0.85 வரும், கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் இருக்கும். நம் ஆய்வகம் தருவது மைக்ரோமோல். 88.4-ஆல் வகுத்தால்தான் அந்தச் சூத்திரத்துக்குள் போகும்: 140 என்பது 1.58. இரண்டு வழியிலும் போட்டு ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். இரண்டையும் கலந்து போட்டால் விடை 0.3 என்று வரும். அதைப் பார்த்ததும் சந்தேகம் வராவிட்டால்தான் ஆபத்து. எடையையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். படுத்த படுக்கையாக வந்தவருக்குப் பல நேரம் எடை கண்ணால் மதிப்பிட்டு எழுதப்பட்டிருக்கும்.

மெட்ஃபார்மினையும் விட்டுவிடாதீர்கள். அதை நிறுத்துவதா குறைப்பதா என்பதற்கு சிறுநீரக வடிகட்டல் வேகம் என்று ஆய்வகம் மதிப்பிட்டுத் தரும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைப் பார்க்க வேண்டும். எனாக்ஸபாரினுக்குப் போட்ட கிளியரன்ஸ் எண் வேறு. இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்து பேசும் மாணவர் நேர்காணலில் தனியாகத் தெரிவார்.

இன்னும் முடியவில்லை. கிரியேட்டினின் ஏன் 140? முன்பும் இப்படித்தானா, இப்போதுதான் ஏறியதா? இங்கேதான் மருந்து வரலாறு எடுப்பது வருகிறது, இங்கேதான் தமிழ் பேசும் உங்களுக்கு யாரிடமும் இல்லாத ஒரு பலம் இருக்கிறது. "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா பாட்டி?" என்று கேட்டால் "இல்லம்மா" என்றுதான் பதில் வரும். கடையில் வாங்கிய கால்வலி மாத்திரை அவர் கணக்கில் மருந்தே இல்லை. ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) தந்தது எது, கடையில் வாங்கும் வலி மாத்திரை எது, நாட்டு மருந்து, கஷாயம், மலாய் மூலிகை மருந்தான ஜாமு, சீன வைத்தியரான சின்சே கொடுத்தது, பக்கத்து வீட்டுக்காரர் தந்தது, ஊரிலிருந்து யாராவது கொண்டு வந்தது. கால்வலிக்கு மூன்று வாரமாக மெஃபெனாமிக் அமிலமோ டைக்ளோஃபெனாக்கோ சாப்பிட்டது அப்போதுதான் வெளிவரும். கிரியேட்டினின் ஏறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்; எனாக்ஸபாரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவுக்கும் அது வழி. ஜாமு, மூலிகைத் தூள் வகையில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி கைவிட்டுவிடும். ஆகவே "அதை நிறுத்துங்க" என்று நீங்களாகச் சொல்லிவிடாமல் டாக்டரிடம் உடனே கொண்டுபோங்கள்.

பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரே பையில். வாயால் சொன்னதற்கும் பையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பார்மசிஸ்டின் வேலையில் பாதி இருக்கிறது.

பிறகு எழுதுவது. மாணவர் எழுதும் குறிப்பில் நான்கில் மூன்று "சிறுநீரகச் செயல்பாட்டைக் கண்காணிக்கவும்" என்று முடியும். அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. எந்த நாள், எந்தச் சோதனை, எந்த எண்ணைத் தாண்டினால் என்ன மாற்றம் என்று எழுத வேண்டும்: "கிரியேட்டினின் நாளைக் காலை, பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை, கிளியரன்ஸ் 30-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுப்பதைப் பற்றிப் பேசுவோம், ஹீமோகுளோபின், பிளேட்லெட் இன்று அடிப்படை எண்ணாக எடுக்கவும், வலி மாத்திரை நிறுத்தம், பதிலாக பாராசிட்டமால்." இப்படி எழுதினால் இரவு டூட்டியில் இருக்கும் பயிற்சி டாக்டர் (ஹவுஸ்மேன்) படித்துவிட்டு வேலை செய்யலாம். வாரத்துக்கு இரண்டு நோயாளி வீதம் முழுக் குறிப்பு எழுதுங்கள். தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். கடைசி ஆண்டு முடியும்போது இருபது நிமிடத்துக்குள் வர வேண்டும், ஏனென்றால் பயிற்சியில் ஒரு காலையில் பத்து படுக்கையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ரத்தத்தில் மருந்து அளவு பார்க்கும் பிரிவுதான், டி.டி.எம். என்பார்கள், மாணவர்கள் அதிகம் பயப்படும் இடம். கணக்கு அங்கே அவ்வளவு கடினமில்லை. அடிமட்டத் தகவல்தான் தப்பாக வரும். வான்கோமைசின் என்ற ஆண்டிபயாட்டிக்கை உதாரணமாக எடுங்கள். 60 கிலோ நோயாளிக்குத் தொடக்க அளவு கிலோவுக்கு 25 மில்லிகிராம் என்றால் 1500 மில்லிகிராம். நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் ஏற்ற இரண்டரை மணி நேரம் வேண்டும். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், ரத்த அழுத்தமும் விழலாம். அடுத்த அளவுக்கு முன் எடுக்க வேண்டிய ரத்தத்தை, மருந்து ஏறத் தொடங்கியபின் எடுத்திருப்பார்கள். படிவத்திலோ அட்டவணை நேரம் எழுதியிருக்கும். எண் 30 என்று வந்ததும் அளவைக் குறைக்க ஓடாதீர்கள். நர்ஸிடம் போய், ஊசி ஏறத் தொடங்கியது எத்தனை மணிக்கு, ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு, எந்தக் கையில் என்று கேளுங்கள். மருந்து ஏறும் அதே குழாயில் எடுத்த ரத்தம் எதற்கும் உதவாது.

வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் இன்னொரு உதாரணம். அறிக்கையில் லிட்டருக்கு 32 மைக்ரோமோல். சிகிச்சை எல்லை 40 முதல் 80. "குறைவு, கூட்டலாம்" என்பது முதல் எண்ணம். ரத்தத்தில் இந்த மருந்து ஒட்டிக்கொள்ளும் புரதமான ஆல்புமின் நோயாளிக்கு லிட்டருக்கு 20 கிராம்தான் என்று பார்த்தீர்களா? டெசிலிட்டரில் அது 2. அதை 0.2-ஆல் பெருக்கி 0.1 கூட்டினால் 0.5, 32-ஐ அதால் வகுத்தால் 64. எல்லைக்குள் நன்றாகவே இருக்கிறது. கூட்டியிருந்தால் சில நாளில் கண் ஆடி, நடை தள்ளாடி, வலிப்பு அடங்கவில்லை என்று மறுபடியும் கூட்டியிருப்பார்கள். நம் ஊர் அலகுகளோடு இப்படி இருபது கணக்கைக் கையால் போட்டுப் பழகிய மாணவருக்கு டி.டி.எம். பிரிவில் முதல் வாரமே நம்பிக்கை வந்துவிடும்.

மருந்துப் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்க நூலின் ஆல்பியூட்டரால் நம் சால்பியூட்டமால். அசிட்டமினோஃபென் நம் பாராசிட்டமால். எபிநெஃப்ரின் நம் அட்ரினலின். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினில் இது வெறும் பெயர்ப் பிரச்சினையாக நிற்காது. மாத்திரையின் நிறம் நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் இளஞ்சிவப்பு 1 மில்லிகிராம், பிரிட்டிஷ் வழக்கில் அதே நிறம் 5 மில்லிகிராம். ஆகவே "சிவப்பு மாத்திரை எத்தனை?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள், அட்டையைக் கையில் வாங்கி மில்லிகிராமைப் படியுங்கள்.

சட்டத் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. விஷச் சட்டம், மருந்து விற்பனைச் சட்டம், அபாயகரமான மருந்துச் சட்டம் மூன்றும் 1952, மருந்தாளர் பதிவு 1951, விளம்பரத்துக்கானது 1956. இவற்றின் கீழ் விதிமுறைகள், குறிப்பாக 1984-இன் மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாடு, 1989-இன் மனத்தூண்டல் பொருள் விதிகள். கடைசி மாதத்தில் மனப்பாடம் செய்பவர்கள்தான் விழுகிறார்கள். கவுன்டரில் நிற்கும் நாளிலிருந்தே ஒவ்வொரு மருந்தும் விஷச் சட்டத்தின் பட்டியலில் பி குரூப்பா சி குரூப்பா, எந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும், ஏன் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

ஆய்வுக் கட்டுரை படிப்பதில் ஒரு பலவீனம் பரவலாக இருக்கிறது: மாணவர் கட்டுரையின் முடிவுரையை ஒப்பிக்கிறார். சேர்க்கைக் குழு கேட்பது எண்ணை. உதாரணத்துக்கு, மாரடைப்பு 8 விழுக்காட்டிலிருந்து 6-க்கு இறங்கியது என்றால் "25 விழுக்காடு குறைந்தது" என்று விளம்பரம் சொல்லும். உண்மை வித்தியாசம் 2. ஒருவருக்குப் பயன் கிடைக்க 50 பேருக்குக் கொடுக்க வேண்டும். அந்த 50 பேரில் எத்தனை பேருக்கு ரத்தக்கசிவு வந்தது, ஆய்வில் இருந்தவர்கள் நம் வார்டு நோயாளி மாதிரியா, 75 வயதுக்கு மேற்பட்டோரைச் சேர்த்தார்களா என்று தொடருங்கள். மாதம் ஒரு கட்டுரை, பத்து நிமிடம், நண்பர்கள் மூவர் முன்னால்.

இறுதியாண்டு ஆய்வை சுகாதார அமைச்சு மருத்துவமனையில் செய்வதாக இருந்தால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடான என்.எம்.ஆர்.ஆர்.-இல் பதிவும், அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழுவான எம்.ஆர்.இ.சி.-யின் ஒப்புதலும் வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். கேள்வியை முடிவு செய்துவிட்டு மூன்றாம் ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பம் போடாதவர்கள், கடைசியில் கேள்வித்தாள் ஆய்வு ஒன்றைக் கூகுள் படிவத்தில் ஓட்டிவிட்டு முடிக்கிறார்கள். சின்னக் கேள்வியே நல்லது: ஒரு வார்டில், ஒரு மருந்து, சிறுநீரகத்துக்கு ஏற்ப அளவு மாற்றப்பட்டதா? அவ்வளவு போதும்.

பரிந்துரைக் கடிதம் கேட்பதிலும் முறை இருக்கிறது. உங்களை வார்டில் பார்த்தவரிடம் கேளுங்கள். பெரிய பதவியில் இருந்தும் உங்கள் முகம் தெரியாதவர் எழுதும் கடிதம் எல்லா மாணவருக்கும் பொருந்தும்படி இருக்கும், படிப்பவர் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். நான்கு வாரம் முன்னதாகக் கேளுங்கள். கூடவே உங்கள் சுயவிவரம், விண்ணப்பிக்கும் திட்டம், அவரோடு பார்த்த மூன்று நோயாளியின் சுருக்கம் (பெயர், அடையாள எண் இல்லாமல்) கொடுங்கள். அவர் தப்பு என்று திருத்திய ஒன்றையும், அதற்குப்பின் நீங்கள் என்ன மாற்றிக்கொண்டீர்கள் என்பதையும் அதில் சேர்த்தால் கடிதத்துக்கு உயிர் வரும்.

சுயவிவரத்தில் கலந்துகொண்ட கருத்தரங்குகளைப் பக்கம் பக்கமாக அடுக்க வேண்டாம். நீங்களே செய்ததை மட்டும் எழுதுங்கள்: எத்தனை நோயாளிக்கு மருந்து வரலாறு எடுத்தீர்கள், எத்தனை பரிந்துரை டாக்டரால் ஏற்கப்பட்டது. இதற்காக முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேடு வையுங்கள். பிறகு நினைவிலிருந்து எழுதும் எண் உங்களையே மாட்டிவிடும்.

இனி சிஜிபிஏ. 3.4 கதவைத் திறக்கப் போதுமான எண்தான். உள்ளே போனபின் அதை யாரும் கேட்பதில்லை. நேர்காணலில் உங்கள் கையில் ஒரு நோயாளியின் தாளைக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் தருவார்கள். அதில் எட்டுப் பிரச்சினை இருக்கும். எட்டையும் சொல்ல முயல்பவர் நேரத்தில் மாட்டிக்கொள்வார். இன்றே உயிருக்கு ஆபத்தானது எது என்று முதலில் எடுத்து, அளவையும் காரணத்தையும் சொல்லி, மற்றதை வரிசைப்படுத்துங்கள். தெரியாததைக் கேட்டால் "இதை எங்கே பார்த்து, எவ்வளவு நேரத்தில் சொல்வேன்" என்று சொல்லுங்கள்: அமைச்சின் சிகிச்சை வழிகாட்டி, தேசிய ஆண்டிபயாட்டிக் வழிகாட்டி, மருந்துப் பட்டியலான புளூ புக், இந்த மூன்றில் எதில் எது இருக்கும் என்று தெரிந்தவர் அந்த இடத்தில் தடுமாறுவதில்லை. ஊகத்தில் ஒரு அளவைச் சொல்லிவிட்டு அதையே பிடித்துக்கொண்டு நிற்கும் விண்ணப்பதாரரை, மதிப்பெண் 3.9 இருந்தாலும், வார்டுக்குள் விட எந்த ப்ரீசெப்டரும் தயங்குவார்.